ஒரு பேரிங்குக்கு மூன்று பெயர்

நேயர்களுக்கு வணக்கம். நிறுவனங்கள் ஈ.ஆர்.பி. எனப்படும் ஒருங்கிணைந்த தகவல் அமைப்புக்கு ஏன் மாறுகின்றன என்பதை, கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்ல வந்திருக்கிறேன்.

6204 என்று எண் பொறித்த பேரிங், 20 மில்லிமீட்டர் தண்டில் ஏறி உட்காருவது. ஸ்டோர்ஸில் அதை எண்ணால் குறித்தோம். கொள்முதல் பிரிவு 'இருபது எம்.எம். பேரிங்' என்று எழுதியது. கணக்குப் பிரிவின் பேரேட்டிலோ அது 'பேரிங், சிறியது'. ஒரு மார்ச் மாதக் கடைசியில், தன் பதிவேட்டில் இருப்பு இல்லை என்று கண்ட கொள்முதல் பிரிவு, கூடுதல் விலை கொடுத்து அவசரமாக வாங்கி இறக்கியது. மறுவாரம் சரக்கிருப்பைக் கணக்கெடுத்தபோது, பின்பக்க ரேக்கின் மேல்தட்டில், எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்காத அதே பேரிங்குகள் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒவ்வொரு பொருளின் வரவு செலவைக் குறிக்கும் இருப்பு அட்டையான 'பின் கார்டில்' (bin card) வரவு வைத்த கையெழுத்து என்னுடையது. என்னிடம் கேட்டிருந்தால் நினைவுகூர்ந்திருப்பேனா என்பதும் சந்தேகமே.

யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். மூன்று பதிவேடுகளும் தனித்தனியே சரியானவை. ஒன்றையொன்று அறியாதவை, அவ்வளவுதான். ஆகவே நிறுவனம் காசு கொடுத்து வாங்குவது கணினியை அன்று; ஒரு பொருளுக்கு ஒரே குறியீடு, ஒரே இருப்பு என்னும் ஏற்பாட்டை. வாயிலில் சரக்கு இறங்கி வரவுச் சீட்டு போட்ட கணமே அது எல்லாப் பிரிவுக்கும் தெரிய வேண்டும். கணினி நிறுவனமான ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐவர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய, ஈ.ஆர்.பி. மென்பொருள் தயாரிக்கும் எஸ்.ஏ.பி. நிறுவனம் வளர்ந்ததும் இந்தத் தேவையின்மேல்தான். மறுபடியும் சொல்கிறேன்: ஒரே பெயர், ஒரே இருப்பு.

சட்டமும் நெருக்குகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின், விற்றவர் பில்லைப் பதிவேற்றாவிட்டால் வாங்கியவரின் வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை, நின்றுபோகிறது. பில்லை அரசின் இணையதளத்தில் பதிவுசெய்யும் மின்-விலைப்பட்டியல் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்து, 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்கள்வரை இறங்கியது. ஆடிட்டர் சொன்னதற்காக மட்டும் மாறியவர்கள், என் அனுபவத்தில், பழைய நோட்டையும் மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

நேரம் முடிகிறதென்று சைகை வருகிறது. தோல்விகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், ஒன்றோடு நிறுத்துகிறேன். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம், 1999 ஜூலையில், ஆர்டர்கள் குவியும் பருவத்தில், மூன்று மென்பொருள்களை ஒருசேர இயக்கத் தொடங்கி, ஹாலோவீன் பண்டிகைக்குச் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப இயலாமல் தவித்தது. அங்கும் கிடங்கில் சரக்கு இருந்தது. வணக்கம்.