தெருமுனை வளைவைக் கவனியுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு தெருமுனையில் நின்றுதான் பேசுகிறேன். கேமராவைக் கீழே திருப்புகிறேன், இந்த நடைபாதையின் ஓரக்கல்லைப் பாருங்கள். எவ்வளவு பெரிய வளைவு! நடக்க வசதியான பகுதி என்றதும் நடைபாதை எத்தனை அடி அகலம் என்றுதான் கேட்கிறோம். நானும் வெகுநாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நடைபாதை முடிந்து சாலையில் கால் வைக்கிறோமே, பயம் அங்கேதான் தொடங்குகிறது.

வளைவு பெரிதாக இருந்தால் கார் வேகத்தைக் குறைக்காமலே திரும்பிவிடும். நாம் கடக்க வேண்டிய தூரமும் கூடிவிடும். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் கூட்டமைப்பான நாக்டோ, நகரத் தெருமுனைகளுக்கு வழக்கமான ஆரம், அதாவது வளைவை முழு வட்டமாக நினைத்தால் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தூரம், 10 முதல் 15 அடி என்கிறது. அந்த அளவுக்கு இறுக்கிவிட்டால் ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தே ஆக வேண்டும்.

சரி, தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும்? நியாயமான கேள்வி. அந்தத் தெருவுக்கு அன்றாடம் வருகிற வண்டியை வைத்துத்தான் வளைவை வரைய வேண்டும். எப்போதாவது வருகிற பெரிய வண்டி, பக்கத்துத் தடத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பலாம். அந்த ஒரு வண்டிக்காக எல்லா நாளும் எல்லாக் கார்களும் பறக்க வழிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் சிக்னல். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பல இடங்களில் நேரம் ஒதுக்குகிறார்கள். 12 மீட்டர் சாலைக்கு 10 நொடி. மூட்டுவலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற ஒரு பாட்டிக்கு 15 நொடி வேண்டும். பச்சை மாறும்போது அவருக்கு இன்னும் 4 மீட்டர் பாக்கி. இதைச் சொல்லும்போதே மனம் பதறுகிறது. நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கட்டினால், அவர் இரண்டு தவணையாகக் கடப்பார்.

வேக வரம்பும் வேண்டும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் முக்கியச் சாலைகள் தவிர மற்ற தெருக்களுக்கெல்லாம் 1992-லேயே மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துவிட்டது. ஆனால் பலகை மட்டும் போதாது, தெருவின் வடிவமும் வண்டியை மெதுவாக்க வேண்டும்.

உங்கள் பகுதிச் சாலைத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அவசியம் போங்கள். வரைபடத்தில் முனையைத் தொட்டுக் காட்டி, இந்த ஆரம் எத்தனை அடி, ஏன் இத்தனை என்று கேளுங்கள். இதோ, பச்சை விழுந்துவிட்டது. கேமராவை அணைத்துவிட்டுக் கடக்கிறேன்.