மூணு புத்தகம், மூணு பையன்கள்: ஈ. நெஸ்பிட் கதை

(திரையில்: பழைய புத்தகம் ஒன்று திறக்கிறது. தலைப்புப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தில் கேமரா நிற்கிறது.)

வணக்கம். புத்தகம் வாங்கினா நம்மள்ல முக்கால்வாசிப் பேர் சமர்ப்பணப் பக்கத்தைப் படிக்கிறதே இல்ல. "அம்மாவுக்கு", "ஆசிரியருக்கு"ன்னு ஒரு வரி இருக்கும், புரட்டிட்டுப் போயிடுவோம். குழந்தைகளுக்குக் கதை எழுதின இங்கிலாந்து எழுத்தாளர் ஈ. நெஸ்பிட் புத்தகத்தை எடுத்தா மட்டும் அங்கயே கொஞ்ச நேரம் நில்லுங்க. 1901, 1902, 1906. மூணு புத்தகம், மூணு பையன்கள் பேர்.

பையன்களுக்கு அப்புறம் வரேன். முதல்ல அம்மா.

எடித் நெஸ்பிட் 1858 ஆகஸ்ட் 15 அன்னிக்கு லண்டன் கென்னிங்டன்ல பிறந்தாங்க. அப்பா வேளாண் வேதியியல் நிபுணர், சொந்தமா விவசாயக் கல்லூரி நடத்தினவர். மகளுக்கு நாலு வயசு ஆகறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார். அக்கா மேரிக்குக் காசநோய். நல்ல காத்து தேடிக் குடும்பமே பிரான்ஸ்ல ஊர் ஊரா அலைஞ்சுது.

அந்த அலைச்சல்ல போர்டோ நகரத்துல நடந்ததை எடித்தே பின்னாடி எழுதியிருக்காங்க. அங்க மம்மிகள் இருக்குன்னு கேள்விப்பட்டதும் பார்த்தே ஆகணும்னு அடம். லண்டன் மியூசியத்துல இருக்கிற மாதிரி கண்ணாடிப் பெட்டி, கலர் தீட்டின சவப்பெட்டி, துணி சுத்தின உருவம்னுதான் மனசுல ஒரு படம். சர்ச்சுக்குக் கீழ நிலவறையில இறங்கிப் பார்த்தா, சுவரோரமா சுத்திலும் எலும்புக்கூடுகள் நிக்குது. காய்ஞ்ச தோல் ஒட்டியிருக்கு, தலைமுடிகூட தொங்குது. அன்னிக்குப் புகுந்த இருட்டுப் பயம், தனக்குக் குழந்தைகள் பிறந்த பிறகுதான் விட்டுச்சுன்னு சொல்றாங்க. இவங்க பெரியவங்களுக்கு எழுதின பேய்க்கதைகளைப் படிச்சா, முழுசா விட்டுச்சான்னு எனக்குச் சந்தேகம்தான்.

1880 ஏப்ரல்ல ஹியூபர்ட் பிளாண்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அப்போ எடித் ஏழு மாசக் கர்ப்பிணி. விக்டோரியா மகாராணி காலம், யோசிச்சுப் பாருங்க. கொஞ்ச நாள்லயே மாப்பிள்ளைக்குப் பெரியம்மை. பிரஷ் வியாபாரமும் கைவிட்டுப் போச்சு. அப்புறம் வீட்டுல அடுப்பு எரிஞ்சது இவங்க பேனாவாலதான். வாழ்த்து அட்டைக்குப் படம் வரைஞ்சாங்க, பத்திரிகைக்குக் கதை எழுதினாங்க. ஆசை என்னவோ கவிஞர்னு பேர் வாங்கணும்னுதான்.

1884 ஜனவரியில ஃபேபியன் சொசைட்டி ஆரம்பிச்சவங்கள்ல புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் உண்டு. சோஷலிசத்தைப் புரட்சியா இல்லாம படிப்படியா கொண்டுவரணும்னு சொன்ன கூட்டம். அடுத்த வருஷம் பிறந்த மகனுக்கு அந்த இயக்கத்தோட பேரையே வெச்சுட்டாங்க: ஃபேபியன்.

(திரையில்: லண்டன் எல்தம், வெல் ஹால் வீடு. அருகில் அகழி.)

1899ல இந்தப் பெரிய வீட்டுக்குக் குடி வந்தாங்க. எழுத்தாளர்கள் பெர்னார்ட் ஷா, எச். ஜி. வெல்ஸ் எல்லாம் இந்தக் குடும்பத்தோட வட்டம். 'ஈ. நெஸ்பிட்'னு கையெழுத்தைப் பார்த்துட்டு ஆம்பளைன்னு நெனச்ச வெல்ஸ், பின்னாடி கேலியா 'எர்னஸ்ட்'னே கூப்பிட்டாராம். வாசகர்கள்லயும் நிறையப் பேர் அப்படித்தான் நெனச்சாங்க.

1900 அக்டோபர். ஃபேபியனுக்கு 15 வயசு. தொண்டையில ஒரு சின்ன ஆபரேஷன், வீட்டுலயே வெச்சுப் பண்ணினாங்க. மயக்க மருந்து கொடுத்தாங்க. பையன் கண்ணே திறக்கல.

அடுத்த வருஷம் வந்த புத்தகம் 'தி உட்பிகுட்ஸ்'. நல்ல பிள்ளைகளா இருக்கணும்னு சங்கம் ஆரம்பிச்சு, தொட்டதையெல்லாம் சொதப்புற பசங்க கதை. சிரிச்சு வயிறு வலிக்கும். சமர்ப்பணத்துல, 'என் அன்பு மகன் ஃபேபியன் பிளாண்டுக்கு'. அவ்வளவுதான்.

ரெண்டாவது பேர் ஜான். இங்கதான் விஷயம் சிக்கலாகுது. ஆலிஸ் ஹோட்சன்னு ஒரு தோழி, வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கிட்டு இவங்களோடயே இருந்தாங்க. அவங்களுக்கு ஹியூபர்ட் மூலமா ரெண்டு குழந்தைகள்: 1886ல ரோசமண்ட், 1899ல ஜான். ரெண்டையும் எடித் தன் பிள்ளைகளாவே வளர்த்தாங்க. பெருந்தன்மையா, வேற வழி இல்லாமலா? ஒரே வார்த்தையில அடைக்க எனக்கு மனசு வரல.

1902ல 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்'. கென்ட்ல ஒரு ஜல்லிக் குழியைத் தோண்டும்போது, மணலுக்குள்ள இருந்து எரிச்சல் பிடிச்ச ஒரு விநோத ஜந்து வெளியே வருது. தினம் ஒரு வரம் தரும், சூரியன் மறைஞ்சா வரம் காலி. பசங்க தங்கம் கேட்டாங்க. குழி நிறையத் தங்கக் காசு! ஆனா எல்லாம் செல்லாத பழைய காசு, எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டேங்கிறார். கடைசியில போலீஸ் வரைக்கும் போகுது. ஷில்லிங் எண்ணிக் குடும்பம் நடத்தின ஒருத்தருக்குத்தான் மாயாஜாலத்துலயும் சில்லறைப் பிரச்சினை வரும்னு தோணும். இன்னொரு நாள், கைக்குழந்தைத் தம்பி தொல்லை தாங்காம, 'இவனை எல்லாரும் ஆசைப்பட்டுக் கேட்கட்டும்'னு வாய் தவறிடுது. போறவங்க வர்றவங்க எல்லாம் குழந்தையைப் பிடுங்கப் பார்க்கிறாங்க. தொல்லைன்னு சொன்ன அதே பசங்கதான் அவனை விடாம காப்பாத்துறாங்க. அந்தக் குழந்தைக்குக் கதையில பேர் 'ஆட்டுக்குட்டி'. சமர்ப்பணப் பாட்டுல ஜானையும் 'என் ஆட்டுக்குட்டி'ன்னுதான் கூப்பிடுறாங்க. உனக்கு இன்னும் படிக்கவே தெரியாதேன்னு கொஞ்சுறாங்க.

மூணாவது, மூத்தவன் பால். 1906, 'தி ரயில்வே சில்ட்ரன்'. ரயிலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, உன் அறிவுக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சுக்கிட்டேன்னு மகன்கிட்ட ஒப்புக்கிறாங்க. கதையில, செய்யாத குற்றத்துக்கு அப்பா ஜெயில்ல. அம்மா கதை எழுதிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுறாங்க. ஒரு கதையைப் பத்திரிகை ஏத்துக்கிட்டா, அன்னிக்கு டீக்கு பன் உண்டு. இந்த பன் கற்பனையில வந்ததில்லன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். அப்பா திரும்பி வர்ற அந்த ரயில் நிலையக் காட்சியை, நாலு வயசுக்குள்ள அப்பாவைப் பறிகொடுத்தவங்க எழுதினதுன்னு தெரிஞ்சு படிச்சா வேற மாதிரி இருக்கும்.

1914ல ஹியூபர்ட் இறந்துட்டார். போர்க்காலம், கை முடை. தோட்டத்துக் காய்கறியையும் பூவையும் வித்தாங்க, வீட்டுல ஆள் தங்க வெச்சாங்க. 1917ல கப்பல்காரர் தாமஸ் டக்கரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கடைசியா ரோம்னி சதுப்புநிலம் பக்கம் எளிமையா ஒரு வீடு. 1924 மே 4ல மரணம்.

(திரையில்: செயின்ட் மேரி இன் த மார்ஷ் சர்ச் வளாகம். புல்லுக்கு நடுவே இரண்டு மரக்கால், குறுக்கே ஒரு சட்டம்.)

கல்லறையில கல் வைக்கல. டக்கர் தன் கையால செதுக்கின மரம்தான். பேருக்குக் கீழ ரெண்டு தொழில் போட்டிருக்கார். எழுத்தாளர்ங்கிறது ரெண்டாவதுதான். முதல்ல, கவிஞர்.