கத்தரிப்பூ நிறத்தில் ஏன் ஒரு தண்ணீர்க் குழாய்?

[காட்சி: சாலையோரப் புல்வெளி, அதில் கத்தரிப்பூ நிற மூடி ஒன்று]

வணக்கம். கலிஃபோர்னியாவின் அர்வைன் நகரில் சாலையோரப் புல்வெளியைக் குனிந்து பார்த்தால், நீர் தெளிப்பான்களின் தலையும் வால்வுப் பெட்டியின் மூடியும் கத்தரிப்பூ நிறத்தில் இருப்பதைக் காணலாம். இது அலங்காரம் அன்று. கழிவுநீரைச் சுத்திகரித்து ஊருக்கே திருப்பி அனுப்பும் தனிக் குழாய்கள் அங்கே புதைந்துள்ளன என்பதற்கான எச்சரிக்கை.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 1967-இல் வயல்களுக்குப் பாயத் தொடங்கிய இந்த நீர், 1991 முதல் உயரமான அலுவலகக் கட்டடங்களின் கழிவறைகளுக்கும் ஏறுகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். அமெரிக்காவில் தெருவைத் தோண்டுவோருக்கான வண்ணக் குறியீட்டில் மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை. குடிநீரும் அல்லாத, சாக்கடையும் அல்லாத இந்த நடுவாந்தரத் தண்ணீருக்கு வாய்த்ததுதான் கத்தரிப்பூ நிறம். அர்வைனில் தொடங்கிய வழக்கம் நாடு முழுவதும் பரவியது. ஆஸ்திரேலியாவிலும் இதே நிறக் குடும்பம்தான்.

[காட்சி: பள்ளத்தில் இரு குழாய்கள், நீலம் மேலே, கத்தரிப்பூ கீழே]

நிறத்துக்கு இத்தனை மெனக்கெடல் ஏன் என்றால், என் பார்வையில், தண்ணீரைச் சுத்திகரிப்பதைவிடக் கடினமானது, அவசரத்தில் ஒரு பிளம்பர் தவறான குழாயில் இணைப்புக் கொடுத்துவிடாமல் தடுப்பதுதான். நிறம் மட்டுமல்ல, கசிந்தாலும் கீழ்நோக்கியே இறங்கட்டும் என்று குடிநீர்க் குழாயை மேலேயும் கத்தரிப்பூ நிறக் குழாயைக் கீழேயும், பக்கவாட்டில் இடைவெளி விட்டுப் பதிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, இரு குழாய்களும் தவறி இணைந்துவிட்டனவா என்று வால்வை மூடிப் பார்க்கும் சோதனை. குடிநீர் வால்வை மூடி, அழுத்தம் இறங்கிய பிறகு கட்டடத்தின் குடிநீர்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்கள். ஏதேனும் ஒன்றில் மட்டும் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், சுவருக்குள் எங்கோ இரு குழாய்களும் கைகோத்துவிட்டன என்று பொருள். பிறகு சுத்திகரித்த நீரின் வால்வை மூடி இதையே திரும்பச் செய்வார்கள். கருவி எதுவும் வேண்டாம், பொறுமை போதும்!

கழிவுநீர் ஆண்டு முழுவதும் வரும், புல்லுக்கோ கோடையில்தான் தாகம். ஆகவே குளிர்கால நீரை ஏரிகளில் தேக்கி வைக்கிறார்கள்.

நம் சென்னையிலும் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுடன் 2019-இல் தொடங்கிய எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்கு நீர் அனுப்புகிறது. வாங்குவோர் சிலரே என்பதால் ஒரே பெருங்குழாயைக் காவல் காத்தால் போதும். தெருத்தெருவாகக் கிளை பிரிப்பதைவிட இங்கிருந்து தொடங்கியதே சரி என்பேன்.

உங்கள் அடுக்ககத்தில் கழிவறைத் தொட்டிக்குச் சுத்திகரித்த நீர் தனிக் குழாயில் வருகிறதென்றால், மொட்டை மாடிக்குப் போய் அது என்ன நிறம் என்று பார்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். இரண்டு குழாய்களும் ஒரே வெள்ளையாக இருந்தால், முதலில் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள்.