ஊதிப்போன மிக்சர் பைக்கற்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, அதிபர் அவர்களே, கோயில் பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் மேற்பிரிவிலிருந்து இறங்கி வந்திருக்கும் அம்மாமார்களே, பிள்ளைகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி, இந்தக் குளிருக்கு அது கம்பளியாக இருந்திருக்கலாம்.

வாயுவின் அமுக்கம், கனவளவு, வெப்பநிலை மூன்றையும் பேசச் சொன்னார்கள். நேரமிருந்தால் பிரஷர் குக்கருக்கும் வருகிறேன்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார் எங்கள் அப்பாயி. வாயு அமுக்கமும் அதுதான். ஒரு மூலக்கூறு சுவரில் மோதினால் ஒன்றுமில்லை. கோடானுகோடி விடாமல் மோதினால் அமுக்கம். வெப்பநிலையை மாற்றாமல் இடத்தைப் பாதியாக்கினால் அடி இரட்டிக்கும். வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி அளந்து விஞ்ஞானி ரொபேட் போயில் 1662இல் எழுதியது இதைத்தான்.

எங்கள் பெரியண்ணன் கொழும்புப் புறக்கோட்டையில் கடையில் நின்றார். ஒரு தீபாவளிக்கு மிக்சர் பைக்கற்றோடு பதுளை ரயிலேறி நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயாவில் இறங்கித் தோட்டத்து லயத்துக்கு வந்தார். பைக்கற் பந்துபோல ஊதியிருந்தது. "ஏன்டா, கெட்டுப்போன சாமான கொண்டாந்து புள்ளைகளுக்குக் குடுக்கப் பாக்குறியா?" என்று அம்மா பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கங்காணி மாமா முகர்ந்து பார்த்து, "டின்மீன் ஊதினா வெசம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். டின்மீனுக்கு அது சரிதான்! அண்ணனுக்கு ரோசம். பைக்கற்றை உடைக்காமல் சாட்சியாகக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், கடை நிறைய ஆட்கள் நிற்க முதலாளியிடம் நீட்டினார். பைக்கற் பழையபடி ஒல்லியாக இருந்தது. முதலாளி அதையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். "தீபாவளி இன்னும் முடியலையா தம்பி?" என்றாராம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே வளியின் அமுக்கம் கடல்மட்டத்தில், அதாவது கொழும்பில், உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். வெளியே அடி குறைந்தால் உள்ளிருக்கும் வாயு விரியத்தானே செய்யும்? குளிர் கொஞ்சம் சுருக்கும்: 30 பாகையிலிருந்து 15 பாகைக்கு வந்தால், தனிவெப்பநிலையில், அதாவது பாகையோடு 273ஐக் கூட்டினால், 303 என்பது 288 ஆகிறது; இருபதில் ஒரு பங்குதான் குறைவு. ஆகவே ஊதல்தான் வெல்லும். வெப்பநிலையோடு வாயுவின் கனவளவு கூடிக் குறைவதை விஞ்ஞானி சாள்ஸ் 1787இல் கண்டு, அதை இன்னொரு விஞ்ஞானி கேலுசாக் 1802இல் வெளியிட்ட கதை நீளமானது, விடுகிறேன்.

இந்தக் கணக்கு அன்று எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் போயிலின் குழாயைக் கரும்பலகையில்தான் பார்த்தேன். வரைந்த ஆசிரியரும் தொட்டதில்லை. தோட்டத்துப் பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஊர்விட்டு ஊர் போக வேண்டுமா? ஆய்வுகூடம் கேட்டால் "பார்ப்போம்" என்கிறார்கள். பணிப்பாளர் ஐயாவைச் சொல்லவில்லை; அவர் வந்ததே பெரிது. அடிமேல் அடி என்றார் அப்பாயி. ஒரு மனு மூலக்கூறு மாதிரி, சுவருக்கு உறைக்காது. எங்கள் கோரிக்கை ஒரு அறை, தண்ணீர்க் குழாய், நாலு மேசை, தமிழில் படிப்பிக்கும் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்.

தேநீர் வந்துவிட்டதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். குக்கர் அடுத்த கூட்டத்துக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது. பணிப்பாளர் ஐயா வாகனத்தில் ஏறுமுன் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.