அடுத்த நாட்டு அரசனைப் பார்த்துச் சிரிப்பது

நண்பர்களே, வணக்கம். பிள்ளைகளை அழைத்து வந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இன்றைக்குத் திரையில் வரப்போகும் படங்களில் மலமும் மூத்திரமும் கொஞ்சம் அதிகம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ராஜாவைக் கேலி செய்வதென்றால் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள்.

முதல் படம் 1794இல் பாரிசில் அச்சானது. பின்வரிசைக்குத் தெரிகிறதா? தோலை உரித்துவிட்ட பிசாசு ஒன்று நிற்கிறது. அதுதான் ஆங்கிலேய அரசாங்கமாம். உடம்பில் அரச விருதுகளெல்லாம் தொங்குகின்றன. அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆசனவாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் முகம். அந்த வாயிலிருந்து பீறிட்டு வருவதெல்லாம் வரி. பாவம், குடிமக்கள் அதில் அடிபடுகிறார்கள்.

வரைந்தவர் சாதாரண ஆள் இல்லை. குளியல் தொட்டியில் புரட்சித் தலைவர் மாரா இறந்து கிடக்கும் ஓவியத்தைத் தீட்டிய ழாக் லூயி தவீத். 1793 செப்டம்பரில், பிரெஞ்சுப் புரட்சி அரசை நடத்திவந்த பொதுப் பாதுகாப்புக் குழு அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. சுதந்திரத்தின் எதிரிகள் எவ்வளவு கொடியவர்கள், எவ்வளவு கோமாளிகள் என்று ஜனங்களுக்கு உறைக்கும்படி கேலிச்சித்திரங்கள் வேண்டும். அதற்குச் சில நாள் முன்புதான் பிரான்சின் தூலோன் துறைமுகம் பிரிட்டிஷ் கப்பற்படையின் கைக்குப் போயிருந்தது. ஆத்திரம் புரிகிறது. ஆயிரம் பிரதிகள், அதில் பாதி வண்ணம் தீட்டியவை, செலவெல்லாம் அரசாங்கத்தின் தலையில்.

எனக்கு இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. படத்துக்குக் கீழே ஒரு விளக்கவுரை போட்டிருக்கிறார்கள். இது அரசாங்கம், இது மன்னரின் முகம், இது வரி என்று. பொழிப்புரை சேர்த்து விற்கிற நகைச்சுவை! இதைவிட 1792இல் வெளிவந்த ‘ஐரோப்பாவின் எல்லாச் சிம்மாசனங்கள் மீதும் குண்டுவீச்சு’ என்ற படம் எவ்வளவோ மேல். மக்கள் பிரதிநிதிகள் வரிசையாகக் காற்சட்டையை இறக்கிவிட்டு நிற்கிறார்கள். எதிரே ரஷ்யப் பேரரசி காத்தரீனிலிருந்து சகல முடிகளும். பீரங்கி எது, குண்டு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விளக்கவுரை தேவைப்படாத படம்.

1791 ஜூனில் பதினாறாம் லூயி நாட்டைவிட்டு ஓடப் பார்த்து வாரென் ஊரில் பிடிபட்டான் அல்லவா, அதன்பிறகு பாரிஸ்காரர்கள் தங்கள் மன்னனையே பன்றியாக வரைந்தார்கள், குடும்பத்தோடு. மூன்றே வருஷத்தில் நிலைமை என்ன? 1794 ஏப்ரலில் புரட்சிப் பத்திரிகையாளர் காமிய் தெமூலேன் தலை போகிறது. ஆட்சியின் கொடுமையைத் தன் பத்திரிகையில் நையாண்டியோடு எழுதியதும் அவர்மீது விழுந்த குற்றங்களில் ஒன்று. அதற்கு அடுத்த மாதம்தான் தவீதின் படங்களுக்குப் பணம் கொடுக்க உத்தரவு வருகிறது. ஆட்சியைக் கையில் வைத்திருந்த ரோபஸ்பியரை வரைய யாருக்குத் துணிச்சல் வரும்? உள்ளூரில் சிரிக்க ஆள் இல்லாமல் போனதால்தான் கடல் தாண்டி ஜார்ஜைத் தேடினார்கள் என்பது என் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்கள் கடைசியில் சண்டைக்கு வரலாம்.

சரி, கடலுக்கு அந்தப் பக்கம் போவோம். லண்டனில் ஜேம்ஸ் கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சைக் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுத்து, அப்புறம் ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் அடிப்பார்கள். ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணியின் கடையில் விற்பனை. வாங்கக் காசில்லாதவர்கள் கடைக் கண்ணாடிக்கு வெளியே கூட்டமாக நின்று பார்ப்பார்கள். வேகத்தைக் கேளுங்கள்: லூயி பிடிபட்டு ஒரு வாரம் முடிவதற்குள் அந்தக் காட்சி லண்டனில் படமாக விற்பனைக்கு வந்துவிட்டது. அதில் லூயி ஒரு கோமாளி. 1793 ஜனவரியில் லூயியின் தலை விழுந்தது. அடுத்த மாதமே கில்ரே கட்சி மாறிவிட்டார். இப்போது லூயி தியாகி. விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து, வெறும் பின்புறத்தோடு பிடில் வாசிக்கும் புரட்சிக்காரன்தான் கோமாளி.

ஆனால் கில்ரேயிடம் ஒரு நேர்மை இருந்தது. சொந்த மன்னனையும் விடவில்லை. 1792 ஜூலையில் வந்த படத்தில் மூன்றாம் ஜார்ஜ், உலகத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு உட்கார்ந்து அவித்த முட்டை சாப்பிடுகிறார். பக்கத்தில் ராணி இலைதழைகளை வாயில் திணிக்கிறாள்.

நம் பக்கத்துச் சமாச்சாரம் ஒன்றும் உண்டு. 1791இல் கார்ன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தைப் பிடிக்கப் போய், மழையாலும் தீனி இல்லாமலும் திரும்பினாரே, அதை கில்ரே எப்படி வரைந்தார் தெரியுமா? கோட்டைச் சுவரின் மேல் திப்பு சுல்தான் நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கிறார். அதுதான் பருவமழை! கீழே கழுதைமேல் ஏறி ஓடும் கார்ன்வாலிஸ் நனைகிறார். படத்தில் இருக்கும் அந்நிய அரசர் திப்பு. ஆனால் அவமானம் முழுக்க ஆங்கிலேயத் தளபதிக்கு. இதை ஒரு ஆங்கிலேயன் வரைந்து லண்டனிலேயே விற்றிருக்கிறான். தவீதுக்கு இதெல்லாம் கனவிலும் நடக்காது.

ரொம்பவும் புகழ வேண்டாம். 1797இல் கில்ரேயும் அரசாங்கத்திடம் உதவித்தொகை வாங்க ஆரம்பித்தார், ஆண்டுக்கு 200 பவுண்டு. 1803இல் வந்த படம் இதோ. கலிவர் கதையில் வரும் ராட்சத அரசனாக ஜார்ஜ் கம்பீரமாக நிற்கிறார். உள்ளங்கையில் சுண்டுவிரல் அளவு நெப்போலியன் போனபார்ட். தொலைநோக்கியை வைத்து அவனைத் தேடிப் பார்க்கிறார். முட்டை சாப்பிட்ட அதே ஜார்ஜ்தான்!

போனபார்ட் உண்மையில் குள்ளனும் இல்லை, அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரனின் சராசரி உயரத்துக்குக் குறையாதவன். அவன் மறுவருஷம் பேரரசனானதும், தனக்கென்று ஒரு தலைமை ஓவியரை நியமித்தான். வேறு யாரும் இல்லை, மன்னன் லூயிக்கு மரண தண்டனை வேண்டும் என்று வாக்களித்த நம்முடைய தவீத். முடிசூட்டு விழாவை ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்துக்கு வரைந்து கொடுத்தார்.