ராசாவைப் புலி தின்னவில்லை

(வாசிப்பு மாதத்தை ஒட்டி மட்டக்களப்பில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘மன்னராட்சியும் பேரரசும் முடிந்த கதையை உள்ளபடி காட்டுவது புனைகதையா, வரலாற்று நூலா?’ வரலாற்று நூல் அணியின் இரண்டாவது பேச்சு இது.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி டீச்சர்மாரே, தம்பி அவர்களே, வாவிக் காற்றை வெளியே விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிற பெரியோர்களே, வணக்கம்.

டீச்சர் பேசி முடித்தபோது முன்வரிசையில் இரண்டு அம்மாமார் கண்ணைத் துடைத்ததை நானும் பார்த்தேன். மனோகர் மல்கோன்கர் 1963இல் எழுதிய ‘த பிரின்சஸ்’ நாவலைச் சொன்னார். சின்ன சமஸ்தானம். சுதந்திரத்தோடு அரசு கையை விட்டுப் போகிறது. கிழட்டு மகாராசா காயம்பட்ட புலிக்கு முன்னால் போய் நின்று உயிரை விடுகிறார். அருமையாகச் சொன்னார், நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். எங்கள் அணித் தலைவர் என்னை முறைத்தார்.

மறுகா யோசித்தேன். இந்தியாவில் 560க்கும் மேலே சமஸ்தானங்கள் இருந்தன. அத்தனை ராசாமாரையும் புலி தின்றிருந்தால் புலிக்குச் செமித்திருக்குமா?

நடந்தது வேறு. ராசாமார் கடதாசியில் கையெழுத்து வைத்தார்கள். பாதுகாப்பு, வெளிவிவகாரம், தொடர்பாடல் என்று மூன்றே மூன்று விசயத்தை டில்லிக்கு விட்டுக்கொடுப்பதாகத்தான் முதலில் எழுதியிருந்தது. மூன்றுதானே என்று வைத்தார்கள். ஒன்றிரண்டு வருடத்துக்குள் மிச்சமும் போய்விட்டது. பதிலுக்கு மன்னர் மானியம் என்று வருடாவருடம் ஒரு தொகை. ஐதராபாத் நிஜாமுக்கு 50 லட்சம் ரூபாய், மைசூருக்கு 26 லட்சம். கத்தோடியா என்று சௌராட்டிரத்தில் ஒரு குட்டி இடம். அதன் ஆட்சியாளருக்கு எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு 192 ரூபாய். மாதம் பதினாறு! அந்த மனிசனும் ராசாதான். பதினாறு ரூபாய்க்காக வரிசையில் நின்ற அந்த ராசாவை எந்த நாவலாசிரியர் கதாநாயகன் ஆக்குவார்? வரலாற்று நூலில் அவருக்கும் இடம் இருக்கிறது. 1971இல் அரசியலமைப்பைத் திருத்தி அந்த மானியத்தையும் நிறுத்தினார்கள்.

சரி, வரலாற்று நூல் வறண்டது, வாசித்தால் நித்திரை வரும் என்று எதிரணித் தம்பி சொன்னார். தம்பி வி. பி. மேனனை வாசித்திருக்க மாட்டார். இந்த இணைப்பு வேலை முழுவதையும் பட்டேலுக்குக் கீழே இருந்து செய்தவர் மேனன். சாதாரண எழுதுவினைஞராகத் தொடங்கிச் செயலாளர் வரை வந்தவர். நானும் ஒரு காலத்தில் காணிக் கிளையில் பைல் தூக்கினவன் என்பதால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், அதை மறைக்கவில்லை. சமஸ்தானங்களை இணைத்த கதையை 1956இல் அவரே புத்தகமாக எழுதினார். தலைப்பைப் பார்த்தால் அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கும். உள்ளே போய்ப் பாருங்கள்.

ஜோத்பூர் மகாராசா ஹன்வந்த் சிங் இளவயதுக்காரர். ஜின்னா அவரைக் கூப்பிட்டு, வெற்றுத் தாளில் தன் கையெழுத்தை வைத்து, ‘உங்கள் நிபந்தனைகளை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்’ என்று நீட்டுகிறார். ராசாவுக்கு ஆசை வருகிறது. கூட இருந்த ஜெய்சால்மர் இளவரசர் ஒரு கேள்வி கேட்டு அந்த ஆசையைக் கலைக்கிறார். மறுகா மேனன் வந்து அவரை மவுண்ட்பேட்டனிடம் கூட்டிக்கொண்டு போகிறார். பேச்சு முடிந்து மவுண்ட்பேட்டன் அறையை விட்டு வெளியே போனதும் ராசா ரிவால்வரை எடுத்து மேனனுக்கு நேரே நீட்டுகிறார்: உன் கட்டளைக்கு நான் பணிய மாட்டேன்! மேனன் என்ன செய்தார்? என்னைக் கொன்றால் இணைப்பு இல்லாமல் போகும் என்று நினைத்தால் அது பெரிய பிழை என்று சொல்லிவிட்டு நின்றார். துப்பாக்கி முனையிலும் கந்தோர்ப் பாசை! இதில் எங்கே தம்பி நித்திரை வருகிறது?

டீச்சர் என்னை விட மாட்டார், தெரியும். “மேனன் வென்ற கட்சி ஆள். வரலாற்றை எழுதுகிறவன் எல்லாம் வென்றவன்தானே, தோற்றவனின் மனசை நாவல்தானே சொல்லும்?” என்று கேட்டார். இதுதான் எதிரணியின் உண்மையான பலம். அதனால் இதற்கு இந்த ஊரை வைத்தே பதில் சொல்கிறேன்.

புளியந்தீவில் கோட்டை நிற்கிறது. எத்தனையோ வருடம் கச்சேரியே, அதாவது மாவட்டச் செயலகமே, அதற்குள்தான் இருந்தது. பென்ஷனுக்கும் பெர்மிட்டுக்கும் அந்த வாசலால் போய் வந்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருப்பீர்கள். போர்த்துக்கேயர் 1628இல் அங்கே கோட்டை கட்டினார்கள். பத்து வருடம் கழித்து, 1638 மே 18இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர், டச்சுக்காரர், அதைப் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து, மே 23இல், இங்கேயே உடன்படிக்கை. ஒல்லாந்தர் பக்கம் கையெழுத்து வைத்தவர் தளபதி வெஸ்டர்வோல்ட். போர்ச் செலவை அரசன் கறுவாவாகவும் மிளகாகவும் தேன்மெழுகாகவும் கொடுக்க வேண்டும். இனிப் பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தர் படை இருக்கும், ஆனால் ‘மன்னர் விரும்பினால்’.

அந்த ‘மன்னர் விரும்பினால்’ அரசன் கையில் இருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். யானையும் குதிரையும் பீரங்கியும் செய்யாத வேலையை விடுபட்ட ஒரு வாசகம் செய்தது. 1656இல் கொழும்பு விழுந்தபோது, சேர்ந்து முற்றுகையிட்ட அரசனுக்கே ஒல்லாந்தர் கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. 1766இல் கண்டியை இன்னொரு உடன்படிக்கைக்கு இழுத்து, மட்டக்களப்பு உட்பட முழுக் கரையோரத்தையும் எழுதி வாங்கினார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினது போல என்று சிங்கள மக்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இப்போது டீச்சருக்குப் பதில். ஒல்லாந்தரின் களவை நமக்குக் காட்டிக்கொடுத்தது எது? தோற்றவனின் கண்ணீரா? ஒல்லாந்தர் பத்திரமாகக் கட்டிவைத்த அவர்களுடைய சொந்தக் கடதாசி! வென்றவன் எழுதினான், உண்மை. ஆனால் எழுதி வைத்தபடியால் பிடிபட்டான். ஆவணத்துக்கு இன்னொரு பிரதி எங்கேயாவது கிடக்கும். ஒரு நாள் யாராவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நாவலுக்கு ஒரே பிரதிதான், நடுவர் ஐயா. கதாசிரியர் ஒரு வாசகத்தை விழுங்கிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

கதை என்றால் கள்ளம் கபடம் இல்லாதது போலவும் பேசினார்கள். எதிரணியின் முதல் பேச்சாளர் எகலப்பொலையின் மனைவி கதையைச் சொன்னார். 1814. துரோகம் செய்த அதிகாரியின் குடும்பத்தைக் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் தண்டிக்கிறான். மூத்த பிள்ளை பயந்து தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிகிறான், இளையவன் நான் வருகிறேன் என்று முன்னுக்கு வருகிறான். பிள்ளைகளின் தலையை உரலில் போட்டு இடிக்கச் சொல்லித் தாயைக் கட்டாயப்படுத்தினதாகவும் சொல்வார்கள். கல்லும் கரையும். அந்தக் குடும்பத்துக்கு நடந்த கொடுமையை நான் சின்னதாக்கவில்லை.

ஆனால் அந்தக் கண்ணீரால் லாபம் அடைந்தது யார்? 1815 ஜனவரியில் தேசாதிபதி பிரவுண்றிக் படை அனுப்பியபோது, நாட்டுக்கு ஆசைப்பட்டு வருகிறோம் என்றா சொன்னார்? கொடுங்கோலனிடமிருந்து மக்களைக் காப்பாற்ற வருகிறோம் என்றுதான் பிரகடனம். கொடுமைக் கதைகள் படைக்கு முன்னால் போயின. போர் தொடங்கி நாற்பது நாள் ஆகுமுன், பெப்ரவரி 18இல், அரசன் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டிப் பிரதானிகள் உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தார்கள். அரசனைக் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான்.

எப்படி நாற்பது நாளில் ஒரு இராச்சியம் கவிழும்? இதற்குப் பதில் வேண்டுமென்றால், கண்டிக்குள் ஒற்று வைத்திருந்த ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலியின் நாட்குறிப்பை எடுக்க வேண்டும். 1810 தொடக்கம் 1815 வரை எழுதினது, 1917இல் அச்சில் வந்தது. அழுகை இல்லை, வீரவசனம் இல்லை. இன்றைக்கு மலைநாட்டிலிருந்து இன்னார் வந்தார், இன்ன பிரதானியின் சேதி கொண்டுவந்தார், இன்ன வழியில் காவல் இருக்கிறது. பக்கம் பக்கமாக இதே கதைதான். சலிப்பாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு மாதக் குறிப்பைத் தொடர்ந்து வாசித்தால் முதுகு சில்லிடும். சண்டைக்கு வருடக்கணக்கில் முன்பே அந்த அரண்மனை உள்ளுக்குள் விலை பேசப்பட்டிருந்தது என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் ஊர்ச் சங்கதி. இந்த மண்டபத்தில் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர்மார் சிலர் இருக்கிறீர்கள். தேசத்துக் கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த வரிசை, யாருக்கு முதல் மரியாதை என்று பிரச்சினை வந்தால் என்ன கேட்பீர்கள்? ‘கல்வெட்டைக் கொண்டுவா’ என்பீர்கள். கோயில் முறையை எழுதின ஏட்டைத்தான் நாம் கல்வெட்டு என்கிறோம். யாராவது ‘அந்த நாவலைக் கொண்டுவா’ என்று கேட்டது உண்டா? ராசாக்கள் போய்விட்டார்கள், ஊரை ஆண்ட தலைவர்மாரின் வன்னிமை போய்விட்டது, அவர்கள் வகுத்த வரிசை இன்னும் கோயில் வீதியில் நடக்கிறது. அது நடப்பது ஏட்டை வைத்து. எப். எக்ஸ். சி. நடராசா அந்த மாதிரி ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தபடியால்தான் 1962இல், இந்த ஊரின் பழங்கதையைச் சொல்கிற ‘மட்டக்களப்பு மான்மியம்’ நம் கைக்கு வந்தது.

“அதில் பாதி கதைதானே!” என்று தம்பி அங்கே இருந்து சிரிக்கிறார். பாதி கதைதான் தம்பி, இல்லை என்று சொல்லவில்லை. எந்தப் பாதி கதை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒல்லாந்தர் குறிப்பையும் மற்ற ஏடுகளையும் ஒப்பிட்டுத்தானே? அப்போது எங்கள் அணிக்குத்தானே வந்துவிட்டீர்கள், வாருங்கள், கதிரை இருக்கிறது!

நாவல் வாசிக்காதே என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் வீட்டு அலுமாரியிலும் பாதி நாவல்தான். தலைப்பில் ‘உள்ளபடி’ என்று நடுவர் ஐயா போட்டிருக்கிறார், நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். புதுக்கோட்டைத் தொண்டைமானின் அரண்மனை இன்று கலெக்டர் அலுவலகம். நம் கோட்டைக்குள்ளும் கச்சேரி போட்டார்கள். கிரீடம் இருந்த இடத்துக்குக் கோவைகளும் முத்திரையும் வந்து சேர்ந்த வழியை நாவல் ஒரு அத்தியாய இடைவெளியில் தாண்டிப் போய்விடும். அந்த இடைவெளிக்குள் நடந்ததைத்தான் மேனனும் டொயிலியும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் ஐயா. எனக்கு அடுத்துப் பேச வருகிற தம்பி நாடகமும் போடுகிறவர், அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு இறங்குகிறேன். உரலில் குடும்பத்தை இழந்ததாக உங்கள் அணி அழவைத்த அதே எகலப்பொலை, ஆங்கிலேயர் தன்னை ராசாவாக்குவார்கள் என்று நம்பி அவர்கள் பக்கம் நின்றவர். அவர்களோ அவரைக் கடைசியில் மொரிசியஸ் தீவுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கேயே செத்தார். உரலோடு திரையை இறக்குகிற உங்கள் கதை மொரிசியஸ் வரைக்கும் கப்பலேறுமா தம்பி? மேடைக்கு வந்து சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.