வலப்பக்கத்தில்தான் சரக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

‘பொருத்துக’ என்ற கேள்வியைச் சந்திக்காமல் நம் ஊரில் யாரும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க முடியாது. இடப்பக்கம் ஐந்து சொற்கள், வலப்பக்கம் வரிசை மாறிக் கிடக்கும் ஐந்து விடைகள், நடுவே நாம் இழுக்கும் கோடுகள். ஆங்கிலச் சொல்வளம் பெருக வேண்டும் என்று நாம் வாங்கும் பயிற்சி நூல்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் இன்றும் இந்த வடிவத்துக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் அதன் பொருளை ஆங்கிலத்திலேயே சொல்லும் சிறு விளக்கம். இரண்டையும் பொருத்த வேண்டும்.

இதனால் பயன் உண்டா என்று பெற்றோர் கேட்கிறார்கள். உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் இடப்பக்கத்துச் சொல்லையே உற்றுப் பார்க்கிறார்கள். உண்மையான சரக்கு வலப்பக்கத்தில், அந்த விளக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஓர் ஓட்டையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து சொல், ஐந்து விளக்கம் என்று கேட்டால், நான்கு தெரிந்தவனுக்கு ஐந்தாவது இலவசம். மூன்று தெரிந்தவன் மீதி இரண்டில் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டாலும் பாதி வாய்ப்பு இருக்கிறது. மதிப்பெண் வரும், சொல் வந்திருக்காது. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியல் பேராசிரியர் பால் நேஷன் 1983இல் ஒரு சொல்லறிவுத் தேர்வை வெளியிட்டார். அதில் ஆறு சொற்கள் இருக்கும், விளக்கங்களோ மூன்றுதான். மூன்று சொற்கள் துணையில்லாமல் நிற்கும். கழித்துப் பார்த்து விடை பிடிக்கும் வித்தை அங்கே அவ்வளவாக எடுபடாது. உலகம் முழுவதும் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் அந்தத் தேர்வையும் அதன் திருத்திய வடிவங்களையும் இன்னமும் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் பிள்ளைக்குப் பயிற்சி எழுதித் தருகிறவர்களும் இதைச் செய்யலாம். கூடுதலாக இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் போதும்.

இனி வலப்பக்கத்துக்கு வருவோம். விளக்கம் என்பது சொல்லைவிட எளிதாக இருக்க வேண்டும். கேட்க இது சாதாரணமாக இருக்கிறது, ஆனால் அகராதிக்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் ‘நெட்வொர்க்’ என்ற சொல் இருக்கிறது. வலைப்பின்னல், அவ்வளவுதான். அதற்கு அவர் தந்த விளக்கத்தில் ‘ரெட்டிகுலேட்டட்’, ‘டெகசேட்டட்’, ‘இன்டர்ஸ்டிசஸ்’ என்று மூன்று பூதங்கள் வருகின்றன. வலையைத் தெரிந்துகொள்ளப் போனவன் வலையிலேயே மாட்டிக்கொள்வான். ஜான்சன் பெரிய மனிதர். ஆனால் அவர் அகராதி ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கானது, கற்கிறவர்களுக்கானதன்று.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவருக்கு நம் துணைக்கண்டத்தோடு தொடர்பு உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதை நேரில் பார்த்தவர். 1935இல் அவர் கற்போருக்கென்று ஓர் அகராதியைக் கொண்டுவந்தார். சொற்களும் மரபுத் தொடர்களுமாக ஏறக்குறைய 24,000 உருப்படிகள் அதில் உண்டு. அத்தனையையும் விளக்க அவர் எடுத்துக்கொண்ட சொற்கள் 1,490. அந்த 1,490 தெரிந்த பிள்ளைக்கு மற்றவை எல்லாம் திறந்த கதவு. பின்னால் 1978இல் வந்த லாங்மன் அகராதியும் சுமார் 2,000 சொற்களுக்குள் நின்று விளக்கம் எழுதியது. இன்று கற்போர் அகராதி எதை வாங்கினாலும் இந்த வழக்கத்தின் சாயலைப் பார்க்கலாம்.

நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த இரண்டாயிரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும். ‘சைல்ட்’ தெரியும், ‘பேரன்ட்ஸ்’ தெரியும், ‘டெட்’ தெரியும். ‘ஆர்ஃபன்’ என்ற சொல்லின் விளக்கம் இந்த மூன்றையும் வைத்துக் கட்டியதுதான். பெற்றோர் இறந்துவிட்ட குழந்தை. இதில் ஓர் அமைப்பு இருப்பதைக் கவனியுங்கள். முதலில் இது எந்த இனம் என்று வருகிறது: குழந்தை. அடுத்து, மற்றக் குழந்தைகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது எது என்று வருகிறது: பெற்றோர் இல்லை. பெயர்ச்சொற்களுக்கான விளக்கங்களில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவைதான். ஆளாக இருந்தால் ‘ஹூ’ போட்டு இணைக்க வேண்டும், பொருளாக இருந்தால் ‘விச்’ அல்லது ‘யூஸ்டு ஃபார்’. இந்த அச்சு கைவந்த பிள்ளைக்கு, பேச்சின் நடுவே ஒரு சொல் வராமல் போனாலும் வாய் அடைத்துப்போகாது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் ‘ஃபனல்’ என்ற சொல் நினைவுக்கு வரவில்லையா? குறுகிய வாயுள்ள பாட்டிலில் எண்ணெய் ஊற்ற உதவும் சாதனம் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக் கடந்துவிடலாம். கேட்பவரே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார். சொல்லை மட்டும் உருப்போட்டவனுக்கு இந்த வசதி கிடையாது.

எந்தச் சொற்களை ஒன்றாகச் சேர்ப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்கள், ஒரே பொருளுள்ள பத்துச் சொற்களைக் கட்டாகக் கட்டித் தருகின்றன. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் 1990களில் தாமஸ் டிங்கம் என்பவரும், அவரைத் தொடர்ந்து ராப் வேரிங்கும் சோதித்துப் பார்த்ததில், புதிய சொற்களை இப்படி ஒரே இனமாகச் சேர்த்துப் படிப்பது மெதுவாகவே ஏறுகிறது என்று தெரிந்தது. ஒன்றோடொன்று குழம்பிவிடுகிறது. ஒரு நிகழ்வைச் சுற்றி வரும் வேறு வேறு வகைச் சொற்கள் அப்படிக் குழப்புவதில்லை.

சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சிவ்’, ‘சிம்மர்’, ‘ஸ்கால்ட்’, ‘லெஃப்ட்ஓவர்ஸ்’ என்று நான்கு சொற்கள். முதலாவது சல்லடை, பொருள். இரண்டாவது, கொதிக்கும் தறுவாயில் மெல்லிய தீயில் வைத்திருப்பது, செயல். மூன்றாவது, சூடான நீரோ ஆவியோ பட்டுத் தோல் வெந்துபோவது, விபத்து. நான்காவது, சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சுவது. நான்கும் ஒரே அடுக்களையில் நடக்கின்றன, ஆனால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘அடுப்பைச் சிம்மில் வை’ என்று வீடுதோறும் சொல்கிறோமே, அந்தச் ‘சிம்’தான் ‘சிம்மர்’. ஆங்கிலமே தெரியாது என்று சொல்லும் பாட்டிக்கும் இதன் விளக்கம் கைப்பழக்கத்தில் தெரியும்.

கோடு போட்டு முடித்ததும் தாளை மூடி வைத்துவிடாதீர்கள். பொருத்துவது அடையாளம் காணும் வேலைதான். விடை கண்ணெதிரே இருக்கிறது, கை வைத்துக் காட்டினால் போதும். அடுத்த படியாக இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, விளக்கத்தைப் படித்துச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். 2008இல் கார்பிக், ரோடிகர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஸ்வாஹிலி என்ற ஆப்பிரிக்க மொழியின் 40 சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகு, சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தார்கள். சிலர் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எடுத்துச் சொன்னவர்களுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் நினைவிருந்தது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது.

கடைசியாக, வகுப்பறை உள்ள ஆசிரியர்களுக்கு ஒன்று. அச்சான பயிற்சியைக் கொடுப்பதற்குப் பதிலாக, விளக்கங்களைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். ஒரு பெஞ்சு எழுதியதை அடுத்த பெஞ்சு பொருத்தட்டும். ‘நெய்பர்’ என்ற சொல்லுக்கு ஒரு மாணவி, ‘உங்கள் பக்கத்தில் இருப்பவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரும் நெய்பர்தானா என்று எதிர் பெஞ்சு கேட்கும். ‘பக்கத்தில் வசிப்பவர்’ என்று அடித்து எழுதுவாள். அப்படியானால் என் தம்பி யார், அவனும் என் பக்கத்தில்தானே வசிக்கிறான் என்று இன்னொருவன் எழுவான். ‘பக்கத்து வீட்டில்’ என்று மீண்டும் திருத்துவாள். உடனே ஒருத்தி, இலங்கை நமக்கு அண்டை நாடு, அதற்கு ஏது வீடு என்பாள். நான்கே சொல் கொண்ட ஒரு விளக்கத்துக்காக அவர்கள் ‘லிவ்’, ‘நியர்’, ‘நெக்ஸ்ட்’, ‘ஹவுஸ்’ என்று தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் மேசைமேல் கொட்டிச் சண்டை போடுவார்கள். மணி அடிக்கும்வரை குறுக்கே போகாதீர்கள்.

நன்றி, வணக்கம்.